நாற்பத்தோராம் புள்ளி

அலுவிகாரை,
மாத்தளை.
18.01.2009

மதிப்புக்குரிய தேவி மிஸ்ஸுக்கு,

கொறற்றி எழுதுகிறேன். நானும் என் கணவர் செபஸ்தியனும் இறைவன் கிருபையால் சுகம். மெல்பேர்னிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் நத்தார்ப் பண்டிகை முடிந்த கிழமை வந்தது. மூன்று முறை வாசித்தேன்.

நம் கம்பஸின் ஒலி வரைபடத்தை அங்கே கட்டுரையாகப் போடப்போவதாகவும், முப்பத்து மூன்றாம் புள்ளிக்குப் பிறகுள்ள அளவுகள் இல்லாமல் வேலை நிற்பதாகவும், நான் குறிப்பெழுதிய கொப்பியைப் பதிவுத் தபாலில் அனுப்பும்படியும் எழுதியிருந்தீர்கள். கடைசி வரியில், "அந்தப் பிரச்சினை எல்லாம் முடிஞ்சிருக்கும் எண்டு நினைக்கிறன்" என்றும் இருந்தது.

முடியவில்லை மிஸ். கொப்பி நீதிமன்றத்தில் இருக்கிறது, இரண்டாம் இலக்கச் சான்றுப் பொருளாக. நடந்ததை உங்களிடம் ஒரு முறையாவது முழுதாகச் சொல்லவேண்டும் என்றிருந்தேன். அதற்கு இதுவரை வழி கிடைக்கவில்லை.

ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குவளை கழுவிக்கொண்டிருந்த என்னை அந்த வேலைக்கு எடுத்தது நீங்கள்தான். வீதியோர மண்டபத்தில் வாகனச் சத்தத்தால் பின்வரிசை வாங்குப் பிள்ளைகளுக்கு விரிவுரை கேட்பதில்லை, அதை நிர்வாகத்துக்குப் படம் போட்டுக் காட்டவேண்டும் என்றீர்கள். அறுபத்து நான்கு இடங்களைக் குறித்தீர்கள். நீங்கள் சத்தம் அளக்கும் மீட்டரைப் பிடிக்க, நான் கண்ணை மூடி நின்று என்னென்ன சத்தம் என்று எழுதினேன். நூலகத்துக்குப் பின்னால் மைனா, தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிவது, கன்டீனில் கோப்பை. "மீட்டர் எண்ணைத்தான் சொல்லும் கொறற்றி. உம்மட காதுதான் அது என்ன சத்தமெண்டு சொல்லும்" என்றீர்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவளிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டேன்.

போன மார்ச் பதினொன்றாம் திகதி, திணைக்களக் கூட்டம் இருக்கிறது என்று, பின்மதிலோரத்து நாற்பத்தோராம் புள்ளிக்கு என்னைத் தனியாகப் போகச் சொன்னீர்கள். "அங்க ஆமிக் காவலரண் இருக்கே மிஸ்" என்று கேட்டேன். "அனுமதிக் கடிதம் குடுத்தாச்சு, பயப்பிடாமப் போம்" என்றீர்கள்.

மீட்டரை நீட்டியவுடன் ஆமிக்காரர்கள் என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். கொப்பியைப் பிரித்தார்கள். 'காலை 8.10, ஆமி ட்ரக் ஆறு, 84 டெசிபல்' என்று என் கையெழுத்தில் இருந்தது. ட்ரக்கை எண்ணி யாருக்குக் கொடுக்கிறாய் என்று கேட்டார்கள். சத்தம் அளக்கிறோம் என்றதும் சிரித்தார்கள். பொலிசில் வைத்து, "எங்க மிஸ்ஸக் கேளுங்க சேர், அவங்கதான் அனுப்பினாங்க" என்று உங்கள் நம்பரைக் கொடுத்தேன்.

பொறுப்பதிகாரி எனக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்துப் பேசினார். நீங்கள் சிங்களத்தில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. அவள் ஆய்வுகூடம் கூட்டுகிறவள், நான் எந்த வேலையும் கொடுக்கவில்லை, மீட்டரைக் கேட்காமல் எடுத்திருப்பாள் என்றீர்கள். உங்களுக்குப் பின்னால் நம் ஆய்வுகூடத்து மின்விசிறி தட்டித் தட்டிச் சுற்றுவது கேட்டது. கூட்டம் ஒன்றும் இல்லை. அனுமதிக் கடிதமும் கொடுக்கப்படவில்லை என்று பிறகு சட்டத்தரணி விசாரித்துச் சொன்னார்.

நாற்பத்தேழு நாள் சிறையில் இருந்தேன். பிணையில் வந்ததும் உங்களைத்தான் தேடினேன். நீங்கள் விமானம் ஏறிவிட்டதைக் கன்டீன் ஹமீமாதான் சொன்னாள். வேலை போய்விட்டது. கதவு பலமாகச் சாத்தினாலே எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. இவர் இப்போது எல்லாக் கதவையும் கையால் பிடித்து மெதுவாகத்தான் சாத்துகிறார்.

உங்களுக்கும் பயம் இருந்திருக்கும். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு அந்த நாட்களில் யாருக்குத்தான் பயமில்லை? பயமாயிருக்கிறது, நீ போ என்று சொல்லியிருந்தாலும் போயிருப்பேன் மிஸ். தெரிந்து போயிருப்பேன்.

நாற்பதாம் புள்ளி வரை நினைவிலிருந்ததை இத்துடன் எழுதி வைத்திருக்கிறேன். கட்டுரையில் என் பெயர் வேண்டாம்.

வழக்கின் அடுத்த தவணை பெப்ரவரி பதினேழு. நீங்கள் அனுப்பித்தான் நான் போனேன் என்று மூன்று வரி எழுதி, கையெழுத்து வைத்து அனுப்பினால், வழக்குத் தள்ளுபடியாகும் என்று சட்டத்தரணி சொல்கிறார். இப்போது நீங்கள் இருக்கும் இடத்தில் உங்களை யாரும் பிடிக்க மாட்டார்கள்.

உங்கள் மகள் இந்த வருடம் பள்ளிக்கூடம் போகத் தொடங்குவாள். மாதா அவளைக் காப்பாற்றட்டும். அவளை யாராவது ஓரிடத்துக்குப் போகச் சொன்னால், சொன்னவர் கடைசிவரை அவள் பக்கத்தில் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
செ. மரிய கொறற்றி