மூன்றில் இரண்டு

7-6-2024

என் தங்கை சென்னியம்மாள் என்னை ஏமாற்றிவிட்டாள். முப்பது வருடங்களுக்கு முன் இறந்துபோன அவளுடைய மூத்த பையனுக்கு வந்தது மஞ்சள் காமாலை இல்லை. இன்று என் பேரன் தர்ஷனுக்கு இருக்கிற அதே தலசீமியா, பரம்பரையாக வரும் ரத்த நோய். தெரிந்தேதான் என் மகளைத் தன் இளைய மகன் சபரிநாதனுக்குக் கேட்டாள். நானும் கொடுத்தேன்.

சேலம் ஆஸ்பத்திரியில், தர்ஷனுக்கு ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே தங்கை புருஷன் சுப்பையன் உளறிவிட்டார். "பெரியவனுக்கும் இப்படித்தானுங்க மச்சான், மாசாமாசம் ஏத்துனோம்." நான் அப்போது போர் போடும் ரிக் லாரியோடு வடக்கே இருந்தேன். பையனுக்குக் காமாலை என்று எனக்குக் கடிதம் போட்டார்கள்.

8-6-2024

பழைய பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தை வைத்துக் கட்டம் போட்டேன். தாய் தகப்பன் இருவருமே குறையைச் சுமந்தால் நான்கு கட்டம். ஒன்று நோய், ஒன்று சுத்தம், இரண்டு நோயில்லாமல் குறையை மட்டும் சுமப்பவர். சபரிநாதன் நோயில்லாமல் வளர்ந்தவன், ஆகவே நோய்க் கட்டத்தை அடித்துவிடலாம். மிச்சம் மூன்று. அவன் சுமப்பவனாக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. பொருத்தம் பார்த்த அன்றைக்கே இந்தக் கணக்கைப் போட்டிருப்பேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்.

10-6-2024

மகள் சண்முகப்பிரியாவுக்கு இது பத்தாவது வாரம். வயிற்றுப் பிள்ளைக்குச் சோதனை செய்வதானால் மூன்று வாரத்துக்குள் செய்ய வேண்டுமாம். திருச்செங்கோட்டில் தங்கை வீட்டுக்குப் போனேன். சென்னியம்மாள் சோதனையே வேண்டாம் என்கிறாள்.

"நாலுல ஒண்ணுன்னுதானுங்களே சொன்னாங்க? அந்த ஒண்ணு தர்ஷனோட போச்சு. இனி மூணும் நல்லாருக்கும்."

இரண்டு காசைச் சுண்டினேன். இரண்டும் பூ. மறுபடி சுண்டினேன். மறுபடியும் இரண்டும் பூ. "போன தடவ உழுந்தது காசுக்கு ஞாபகம் இருக்குமா?" என்றேன்.

அவள் காசைப் பார்க்கவில்லை. "வேற கூட்டம், ரத்தம் கலக்காதுன்னு நீங்கதானுங்கண்ணா சொன்னீங்க. உங்க பட்டி ஆட்டுக்கு ஒரே ரத்தம் சேரக் கூடாதுன்னு ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கெடா மாத்துறீங்க. பொண்ணுக்கு அந்தக் கணக்கு ஏன் வரல?"

தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

11-6-2024

என்ன வாய் அவளுக்கு. மறைத்தவள் அவள் — கேள்வி எனக்கா?

கூட்டம் என்கிற குலம் தகப்பன் வழி. கட்டிக்கொடுத்ததும் அவள் வேறு கூட்டமானாள். ரத்தம் எங்கே மாறியது? ஒவ்வொரு மேச்சேரி ஆட்டுக்குட்டிக்கும் தாய் எது என்று நோட்டில் எழுதுகிறவன் நான்.

13-6-2024

சண்முகப்பிரியா சுமப்பவள் என்பது தர்ஷனுக்கு நோய் கண்டபோதே தெரிந்தது. யாரிடமிருந்து என்று பார்க்க, நானும் என் மனைவி முத்தாயம்மாளும் ரத்தம் கொடுத்தோம். முத்தாயம்மாள் பிறந்த வீட்டுப் பக்கம்தான் இருக்கும்.

17-6-2024

முத்தாயம்மாள் சுத்தம். மகளுக்குக் குறை வந்த வழி இனி ஒன்றுதான்.

என் சோதனைத் தாளை அவளே வாங்கிப் பார்த்தாள். "சோறு போடட்டுங்களா?" என்றாள்.

ஆக வேண்டியவை:

சபரிநாதன் — வயிற்றுப் பிள்ளையின் சோதனைக்கு இந்த வாரமே நாள் வாங்க வேண்டும்.

சண்முகப்பிரியா — போவதா வேண்டாமா, முடிவு வந்தபின் என்ன என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். குறுக்கே யாரும் பேசக் கூடாது. நானும்தான்.

சென்னியம்மாள் — மறைத்ததை என் மகளிடம் தன் வாயால் சொல்ல வேண்டும். இதில் நான் விடமாட்டேன்.

நான் — நாளைக் காலை திருச்செங்கோடு பஸ். என் ரத்தச் சோதனைத் தாளை எடுத்துக்கொள்ள வேண்டும். சென்னியம்மாள் வாய் திறப்பதற்கு முன்பே அதைச் சண்முகப்பிரியாவின் கையில் கொடுத்துவிட வேண்டும்.