நண்பகலில் டியூன் செய்த வண்டி

என் முத்து அண்ணனுக்கு,

அழுது முடித்துவிட்டேன். இப்போது உன்மேல் கோபமாக இருக்கிறேன்.

அப்பா ஆரியசாலைச் சந்தைக்கு மூட்டை இறக்கப் போகிறார், வருகிறார். யார் கேட்டாலும், "விதி மக்களே, என்ன செய்ய" என்கிறார். உன் கூட்டாளிகள், மழை ஈரத்தில் பைக் டயர் வழுக்கித்தான் நீ செத்தாய் என்கிறார்கள். நான் நூலகத்தில் எஞ்சின் பற்றிய புத்தகம் எடுத்துப் படித்தேன்.

ஒர்க்‌ஷாப் முதலாளி மதியம் சாப்பிடப் போகும்போதுதானே உன் வண்டியை நீ தொட முடியும்? அந்த வெயிலில் கார்புரேட்டரைத் திறந்து, பெட்ரோல் வரும் துளைத்திருகான ஜெட்டை இன்னும் சின்னதாக மாற்றுவாய். பெட்ரோலைக் கொஞ்சம் குறைத்தால் வண்டி கூடுதலாகச் சீறும். ஆனால் போலீசுக்குப் பயந்து பந்தயம் வைப்பதோ விடியற்காலையில், விழிஞ்ஞம் போகிற பைபாஸில். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதற்குப் பெட்ரோல் அதிகம் வேண்டும். மதியத்துக்குச் சரியாக இருந்த ஜெட் விடியலில் போதாது. எஞ்சின் கொதித்து, பிஸ்டன் இறுகி, பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும்.

உன் பழைய ஸ்பார்க் பிளக் காப்பி நிறத்தில் இருந்திருக்க வேண்டும். பெட்ரோல் போதாமல் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. நீ அதைக் கழற்றிப் பார்க்கவே இல்லையா? பார்த்தும் ஓட்டினாயா?

இப்போது உன் கூட்டாளி ஷிபு அண்ணன் புது பிஸ்டன் போட்டு, உன் வண்டியை நம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் உன் நினைவாக அவரே ஓட்டப் போகிறாராம். கார்புரேட்டரை மட்டும் தொடவில்லை.

"ஜெட்டை மாத்துங்க அண்ணா" என்றேன்.

"எடி கொச்சே, அது அவன் வச்ச ஜெட்டாக்கும். அதுல ஆரும் கை வைக்கண்டா."

"அதுதான் அவனைக் கொன்னுச்சு."

"நீ பிளஸ் ஒன் அல்லே? போய்ப் பரீட்சைக்குப் படி. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சாச்சு, ஒண்ணும் ஆகாது."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் டீ குடிக்கப் போனதும், உன் ஸ்க்ரூடிரைவரால் கார்புரேட்டரின் அடிமூடியைக் கழற்றி, ஜெட்டைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். திரும்பி வந்த ஷிபு அண்ணன் என் கையில் பெட்ரோலைப் பார்த்தார். "நீ அவன் தங்கச்சிதானோடி?" என்று கேட்டார். அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை.

வேறு ஜெட் வாங்குவார்கள், தெரியும். சின்னதாக வாங்கினால் அதையும் பிடுங்குவேன். இது உனக்குத் தரும் வாக்கு. ஷிபு அண்ணன் ஆயுள் முழுக்க என்னோடு பேசாமலே இருக்கட்டும். அந்த ஆயுள் அவருக்கு வேண்டும்.

உன்னுடைய ஒரே தங்கை,
செல்வி