பவுசர் வராத ஊரும் உன் கேத்திலும்

இன்று காலை தேத்தண்ணிக்கு உன் கேத்திலைத்தான் அடுப்பில் வைத்தேன். அடி கறுத்து, மூக்கு நெளிந்த அதே அலுமினியக் கேத்தில். நாடகத்துக்கென்று நீ தந்தது, நேற்று மேடையேறிவிட்டு வீடு வந்திருக்கிறது. தண்ணீர் கொதிக்கும் சத்தத்தைக் கேட்டபடி எழுதுகிறேன். முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன்: சனம் சிரித்தது.

முதியோர் இல்லச் சமையலறையில் நாம் சேர்ந்து வேலை செய்த முதல் கிழமை நினைவிருக்கிறது. குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத்தான் நீ குடிப்பாய். நானும் அப்படித்தான். எனக்கு அது இடம்பெயர்ந்து அலைந்த காலத்துப் பழக்கம். உனக்கென்ன வந்தது என்று கேட்டேன்.

"எங்கட ரிசேர்வில குழாய்த் தண்ணி குடிக்கேலாது. தண்ணி கொண்டுவாற பவுசர் லொறி வந்துதான் ஊத்தவேணும்" என்றாய். பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய உன் ஊர், இதே ஒன்ராறியோவின் வடக்கில்.

"கனடாவுக்குள்ளயோ?" என்று வாயைப் பிளந்தேன்.

"கனடாவுக்கு முதலே நாங்கள் அங்கதான் இருக்கிறம்" என்று சிரித்தாய். நீ பேசியதெல்லாம் இங்கிலீசில்தான். என் காதில் இன்றைக்கு எங்கள் தமிழாகவே கேட்கிறது.

அந்தப் பவுசருக்குக் காத்து நிற்கும் நான்கு பெண்களை வைத்து நீ நாடகம் எழுதினாய். விடிந்தால் ஒருத்தியின் மகளுக்குக் கல்யாணம். பவுசரைக் காணோம். ஒருத்திக்குச் சலூன் திறக்கும் கனவு, தண்ணீரே இல்லாத ஊரில்! இன்னொருத்திக்குக் கழுத்துவரை சுடுதண்ணீரில் ஒரு பொழுது கிடந்தால் போதும். கடைசியில் வீட்டுக்கு வீடு மிச்சம்பிடித்த தண்ணீரைக் கேத்தில்களில் கொண்டுவந்து, மணப்பெண்ணின் தலையைக் கழுவிவிடுகிறார்கள். சலூன்காரிக்கு அவள்தான் முதல் வாடிக்கை.

இதைத் தமிழில் போடட்டுமா என்று கேட்டபோது நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாய். "போடு. படங்களில காட்டுறமாதிரித் தலையில இறகு கிறகு குத்தாதேங்கோ. அழவும் கூடாது. எங்கட பொம்பிளையளைப் பாத்து உச்சுக்கொட்டிப்போட்டுச் சனம் வீட்ட போறதுக்கு நான் எழுதேல்லை" என்றாய். சரி என்று உன் கையைப் பிடித்துச் சொன்னேன். பிறகுதான் யோசித்தேன்: எங்கள் மேடையில் அழாத பெண்பாத்திரம் எது?

சலூன்காரியாக நடித்தது ராசமணி அக்கா. மில்லிக்கன் பகுதியில் அவர் வீட்டு பேஸ்மென்றில்தான் ஒத்திகை. தண்ணீர் இல்லை என்ற வசனம் வந்தாலே அவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டும்.

"நான் என்னடி செய்ய, தானா வருகுது. நாங்களும் கிளிநொச்சியில வாளியோட நிண்டனாங்கள்தானே" என்றார்.

"நிண்டு அழுதனீங்களோ அக்கா?"

கொஞ்சம் யோசித்தார். "எங்க அழுதம்? பகிடியெல்லோ விட்டுக்கொண்டு நிண்டம்."

"உதைத்தான் மேடையில செய்யுங்கோ."

அன்றைக்குப் பிறகு அவர் அழவில்லை.

நேற்று உன் தங்கை அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். எங்கள் ஆட்கள் வழக்கம்போல விளக்கேற்றி, உனக்கு மௌன அஞ்சலி செலுத்தி, மூன்று பேர் பேசியும் முடித்தார்கள். செத்தவீட்டு முகத்தோடு சனம் நாடகம் பார்க்கத் தொடங்கியது. முதல் காட்சி முழுக்க ஒரு சத்தமில்லை. உனக்குச் சொன்ன சொல் போய்விட்டதென்றே நினைத்தேன். சுடுதண்ணீர்க் கனவு வந்தபோது யாரோ கெக்கட்டமிட்டுச் சிரித்தார்கள். உன் தங்கை! பாஷை தெரியாது, நாடகம் மனப்பாடம். சாவுவீடு போல இருந்த மண்டபம் அவளைத் திரும்பிப் பார்த்தது, பிறகு தானும் சிரிக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு நிறுத்தவே முடியவில்லை.

கடைசிக் காட்சியில் ராசமணி அக்கா ஒரு வேலை செய்தார். கழுவித் துடைத்த தலையோடு மணப்பெண் நிமிர்ந்ததும், அவள் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் கன்னப்பொறியில் வைத்துப் படபடவென்று நெட்டி முறித்தார். எங்கள் வீடுகளில் பிள்ளைக்கு நாவூறு கழிப்பதுபோலவே. உன் நாடகத்தில் அது இல்லை. கை தன்பாட்டில் போய்விட்டது என்றார் பிறகு. இறகு குத்தாமல் இருந்துவிட்டு இதைக் குத்திவிட்டோமே என்று நான் திரைக்குப் பின்னால் தலையில் கைவைத்து நின்றேன்.

முடிந்ததும் உன் தங்கை நேரே மேடைக்கு வந்தாள். விரலைக் காட்டி, அது என்ன என்று கேட்டாள். கண் படாமல் இருக்கச் செய்வது என்றேன், தயங்கித் தயங்கி.

"எங்கட அக்கா இருந்திருந்தா இதையும் எழுதிச் சேர்த்திருப்பா. எனக்கும் ஒருக்காச் செய்யச் சொல்லுங்கோ" என்றாள்.

ராசமணி அக்கா அவள் முகத்தை வழித்து முறித்தார். பத்து விரலும் சத்தம் போட்டன. "எணை, எவ்வளவு கண் பட்டிருக்கு இந்தப் பிள்ளைக்கு!" என்றார். அதன்பிறகு மூன்று பேரும் கட்டிப்பிடித்து அழுதோம். மேடையில்தானே அழக் கூடாதென்றாய், அப்போது திரை மூடியிருந்தது.

உன் தங்கையிடம் கேத்திலைக் கொடுத்தேன், வாங்கவில்லை. "அங்க வந்தும் நாடகத்தைப் போடுங்கோ, அப்ப கொண்டு வாங்கோ" என்றாள். உங்கள் ஊருக்கு இன்னமும் பவுசர்தான் வருகிறதாம். வாறம் என்று சொல்லியிருக்கிறேன்.

கேத்தில் கொதித்துவிட்டது. நிம்மதியாக இரு. ஒருவரும் உச்சுக்கொட்டவில்லை.