உன்னைத் தாண்டிப் போன மத்தியானம்

இன்று ஆயுத பூஜை. ஸ்டேஷன் வாசலில் ஜீப்பைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். வண்டி நகர்ந்ததும் பழங்கள் நசுங்கி அந்த வாசனை கிளம்பியது. எல்லோரும் பொரியை அள்ளிக்கொண்டிருக்க, நான் என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மேடத்துக்குச் சாம்பிராணிப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று வெளியே யாரோ சொன்னார்கள். புகையாவது மண்ணாவது. உன் ஞாபகம் வந்து தொலைத்தது, அவ்வளவுதான்.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தோம். நான் பரீட்சை எழுதி எழுதி மேலே வந்தேன். உன்னையும் எழுதச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினேன். "எனக்கு நாற்காலி வேணாம்டி, ஸ்டியரிங் போதும்" என்றாய். நான் இன்ஸ்பெக்டராக மாற்றலாகி வந்த ஸ்டேஷனில் நீதான் ஜீப் டிரைவர். பத்துப் பேர் முன்னால் விறைப்பாக நின்று "யெஸ் மேடம்" என்பாய். வண்டிக் கதவைச் சாத்தியதும் "ஏண்டி, மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க?" என்று ஆரம்பித்துவிடுவாய். மீட்டர் பக்கத்தில் ஒட்டியிருந்த மாதா படத்தைத் தொட்டு முத்தமிட்டுவிட்டுத்தான் சாவியைத் திருகுவாய். கடத்தூர்ப் பக்கத்து உங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கு என்னைக் கூட்டிப் போய், "இது என்னோட மேலதிகாரி, ஆனா சமைக்கத் தெரியாது" என்று உன் அண்ணியிடம் அறிமுகம் செய்தவள் நீ. அந்த வாயைத்தான் இப்போது தேடுகிறேன்.

விபத்து நடந்த அன்று நான் கோர்ட்டில் இருந்தேன். மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு திருவிழாவில் அடிதடி என்று தகவல் வந்து, இரண்டு கான்ஸ்டபிள்களை ஏற்றிக்கொண்டு நீ கிளம்பியிருக்கிறாய். வயல் பாதையிலிருந்து ஒரு விவசாயி மொபெட்டில் முள்ளங்கி மூட்டையோடு சாலையில் ஏறியிருக்கிறார். தகவல் தெரிந்து நான் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். என் வண்டியைத் தள்ளியே நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். டயர் தடத்தின்மேல் இன்னொரு டயர் ஏறிவிடக் கூடாது. சாலை நெடுக முள்ளங்கி. ஜீப் பள்ளத்தில் மூக்கைக் குத்தி நின்றது. அதன் பக்கத்தில் நீ, நெற்றியில் ரத்தத்தோடு. என்னைப் பார்த்ததும் முன்னால் வந்தாய்.

நான் உன்னைத் தாண்டிப் போனேன்.

போலீஸ் வண்டி மோதினால், போகிற அதிகாரி முதலில் அடிபட்டவரைத்தான் பார்க்க வேண்டும். தன் ஆட்களிடம் முதலில் போனால், அதற்குப் பிறகு எழுதுகிற எதையும் ஊர் நம்பாது. அந்த மனிதருக்குக் கால் முறிந்திருந்தது. அவருடைய மனைவி மண்ணில் உட்கார்ந்து பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் நம் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "உங்க ஆளு செஞ்சத உங்க ஆளே விசாரிச்சா எங்களுக்கு என்னாங்க நாயம் கெடைக்கும்?" என்றாள். அவளையும் அதே ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். கான்ஸ்டபிள்கள் இருவரையும் ஆளுக்கொரு பக்கம் நிறுத்தினேன். தடங்களையும் ஜீப்பின் முன்பக்கத்தையும் போட்டோ எடுக்கச் சொன்னேன். ஜீப்பை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போய் நிறுத்த வேண்டும், ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பரிசோதிக்கும் வரை அதை யாரும் தொடக் கூடாது என்றேன். கடைசியாக உன்னிடம் வந்தேன்.

"வேற அதிகாரி விசாரிக்க வருவாங்க. அவங்க கேக்குற வரைக்கும் யார்கிட்டயும் பேசாத. என்கிட்டயும் பேசாத."

"உங்கிட்டகூடவா?" என்றாய்.

"ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டுக்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். டிரைவர் என் சிநேகிதி, இதை நான் விசாரிப்பது முறையில்லை என்று டி.எஸ்.பி.க்கு அப்போதே போன் செய்தேன். பக்கத்து சப்-டிவிஷனிலிருந்து ஓர் அதிகாரியைப் போட்டார்கள்.

அதற்குள் நம் ஆட்கள் ஒரு கூத்து செய்தார்கள். ஸ்டேஷனுக்கு இழுத்து வந்த ஜீப்பைக் காவல் காக்கச் சொல்லியிருந்த கான்ஸ்டபிள், விடிந்ததும் அதை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, பம்பர் முழுக்கக் குங்குமம் அப்பி வைத்திருந்தான். "அக்காவுக்குக் கண்ணு பட்டிருச்சுங்க மேடம், கழிக்கணும்ல" என்றான். பிரேக் இன்ஸ்பெக்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நான் வண்டிய பாக்க வந்தனா, பிரசாதம் வாங்க வந்தனாங்க?" என்று கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மாதாவைக் கும்பிடுகிற உனக்காகப் பூசணிக்காய் உடைத்து, உன் தலையிலேயே போட்டுவிட்டார்கள். மோதிய தடத்தை மறைக்க நீதான் கழுவச் சொன்னாய் என்று விசாரணை அதிகாரி சந்தேகப்பட்டார். அப்படியில்லை என்று வாக்குமூலம் கொடுத்தேன். சாலையில் எடுத்த போட்டோக்கள் இருந்ததால் அந்தப் பேச்சு அடங்கியது.

மொபெட்காரர் பார்க்காமல் குறுக்கே வந்தார் என்று சொல்லும்படி உனக்கு எத்தனை பேர் சொல்லிக்கொடுத்தார்களோ, தெரியாது. நீ சொன்னதை அறிக்கை வந்த பிறகுதான் படித்தேன். "வேகமாத்தான் போனேன். சைரன் போடல. அந்தப் பாதை எனக்குத் தெரியும். அவர நான் லேட்டாத்தான் பாத்தேன்." உன் குரலிலேயே கேட்டது. ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். வண்டியிலிருந்து இறக்கி, ஆயுதப்படையில் கேட் காவலுக்குப் போட்டார்கள். ஸ்டியரிங் போதும் என்று சொன்னவளின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து நிற்க வைத்தார்கள்.

விசாரணைதான் முடிந்ததே, இனிப் பேசலாம் என்று அன்றைக்கே போன் செய்தேன். "சொல்லுங்க மேடம்" என்றாய். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். "யாரும் இல்லீங்க மேடம்" என்றாய். அதற்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும் அதே மேடம்தான். கிறிஸ்துமசுக்குக் கேக் வரும், உன் அண்ணன் மகள் கொண்டு வருவாள், நீ வர மாட்டாய். ஆயுதப்படை வாசலில் என் வண்டி நுழையும்போது நீ அடிக்கிற சல்யூட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இறங்கிப் போய் உன் தொப்பியைத் தட்டிவிட வேண்டும் போல இருக்கும்.

ஒருமுறை மாரண்டஹள்ளி சந்தையில் அந்த விவசாயியின் மனைவியைப் பார்த்தேன். அவளே வந்து பேசினாள். "அந்த டிரைவரம்மா எங்க வூட்டுக்கு வருமுங்க. கேசு முடியறவரைக்கும் வரக் கூடாதுன்னு இருந்துச்சாம், முடிஞ்சதும் வந்துருச்சு. எங்க ஊட்டுக்காரரோட குந்திக்கிட்டுக் கதை பேசும். களின்னா அதுக்கு உசுருங்க." சிரித்துத் தலையாட்டினேன். உள்ளே எரிந்தது. உன் வண்டியில் அடிபட்டவன் வீட்டில் உட்கார்ந்து களி தின்கிறாய், கதை பேசுகிறாய், எனக்கு மட்டும் மேடம். ஒரு நொண்டிக் கால் மனிதரைப் பார்த்துப் பொறாமைப்படுகிற அளவுக்கு என்னைக் கொண்டு வந்துவிட்டாயே.

அப்புறம் உனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன். பாதியாகியிருந்தாய். உன் அண்ணி டீ வாங்கப் போனாள். "உக்காருங்க மேடம்" என்றாய்.

"இன்னொரு தடவ மேடம்னு சொன்ன, குளுக்கோஸ் பாட்டில புடுங்கிப் போட்டுருவேன்" என்றேன்.

நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். பிறகு கேட்டாய். "அன்னிக்கு ஏன் நீயே விசாரிக்கல?"

"நான் விசாரிச்சிருந்தா உன்னக் காப்பாத்தியிருப்பேன்டி. அதுக்குப் பயந்துதான்."

என் பக்கம் திரும்பினாய். "அது எனக்குத் தெரியாதா? அதான்டி கோவமே."

அண்ணி டீயோடு வந்துவிட்டாள். பேச்சு மாத்திரைக்கும் பில்லுக்கும் போய்விட்டது. நாளை வந்து மிச்சத்தைப் பேசிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். அந்த நாளையை நீ எனக்குக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகும் போலீஸ் வண்டி மோதிய இடங்களுக்குப் போயிருக்கிறேன். போகத்தான் வேண்டியிருக்கிறது. டிரைவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் அவர்களைத் தாண்டி, தரையில் கிடப்பவரிடம் போவேன். மேடத்துக்குக் கல் மனசு என்று இளவட்டங்கள் பேசிக்கொள்வது காதில் விழும். அவர்களுக்கு என்ன தெரியும். ஒவ்வொரு முறையும் "உங்கிட்டகூடவா?" என்று கேட்டுக்கொண்டே நீ என் பின்னால் நடந்து வருகிறாய். திரும்பிப் பார்த்தால் யாரோ ஒரு கான்ஸ்டபிள் நிற்கிறான்.

நான் செய்தது சரிதான். நீயும் தப்பு என்று ஒரு நாளும் சொல்லவில்லை. இன்னொரு முறை நடந்தாலும் உன்னைத் தாண்டித்தான் போவேன். அதனால் உன் கோபத்தை விடச் சொல்லி நான் கேட்கவில்லை. கோபமாகவே இரு. ஆனால் வந்து இருடி.