கோரிப்பாளையத்து வள்ளலுக்கு

கோரிப்பாளையம்,
மதுரை.

அன்பு மகன் பரீத்துக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான், அத்தா, உன் தங்கை முபீனா மூன்று பேரும் சுகம். அடுத்து நீ சுகமா என்று ஒரு வரி கேட்டுவிட்டு ஊர்க்கதைக்குப் போவதுதான் கடிதத்துக்கு முறை. நான் அந்த ஒரு கேள்வியையே இந்தக் கடிதம் முழுக்கக் கேட்கப் போகிறேன், அவசரப்படாமல் படி. ஃபோன் இருக்கும்போது எதற்கம்மா கடிதம் என்று சிரிக்காதே. உன் பெயரைப் பார்த்ததுமே அத்தா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார், கடையில் செருப்பு எடுக்க வந்தவர்கள் வரைக்கும் உனக்கு சலாம் சொல்கிறார்கள், அந்த இரைச்சலில் ஒரு தாய் பிள்ளையிடம் தனியாக என்னத்தைக் கேட்பது? மெசேஜ் அனுப்பலாம் என்றால் என் ஃபோன் எந்நேரமும் முபீனா கையில்தான் இருக்கிறது. அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்தேன்.

முதலில் இங்கே நடக்கிற கூத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் காதுகுத்தோ கட்சி மாநாடோ, எதுவும் நடப்பதற்கு முன்னாலேயே ஃப்ளெக்ஸ் நின்றாக வேண்டுமே, உன் சின்ன மாமு மட்டும் சும்மா இருப்பானா? கூடைப்பந்து ஃபைனலுக்கு முன்பே விருமாண்டியின் கடையில் சொல்லி உனக்கு ஒரு ஃப்ளெக்ஸ் அடித்து வைத்துவிட்டான். நீ வளையத்தைப் பிடித்துத் தொங்குகிற படம், கீழே மாமுவும் அவன் கூட்டாளிகளும் கூலிங் கிளாஸ் போட்டு வரிசையாக, மேலே பெரிய எழுத்தில் ‘இறுதிப் போட்டியில் புள்ளி மழை பொழிந்த சிங்கமே’ என்று. ஆட்டத்தன்று பார்த்தால் நீ மழையும் பொழியவில்லை, தூறலும் போடவில்லை. பந்து உன் கைக்கு வருகிறது, வந்த வேகத்தில் வேறொருவன் கைக்குப் போய்விடுகிறது. மாமு டிவிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, போடுறா மாப்ள, எவனுக்குடா குடுக்கிற, நீ போடுறா என்று தொண்டை கிழியக் கத்துகிறான். கடைசியில் ஒரு புள்ளி பின்தங்கி நிற்கும்போதும் பந்து உன்னிடம்தான் இருந்தது, அதையும் உன்கூட ஆடுகிற கிருஷ்ணபிரசாத்துக்குக் கொடுத்தாய், அவன் போட்டான், டீம் ஜெயித்தது. எல்லோரும் துள்ளிக் குதித்தார்கள், மாமுவுக்கு மட்டும் முகம் செத்துப் போய்விட்டது. அடித்து வைத்த ஃப்ளெக்ஸ் பொய்யாகிவிட்டதே. ஓடிப்போய் விருமாண்டியைக் கெஞ்சி அந்த வரியின் மேல் வேறு துண்டு ஒட்டிவிட்டான். இப்போது ‘பந்தை வாரி வழங்கிய வள்ளலே’ என்று இருக்கிறது. சிக்னலில் நிற்கிற பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டுத்தான் போகிறார்கள். கறிக்கடைக்குப் போனால், வள்ளலோட அம்மா வந்துருக்காக, நல்ல கறியாப் போடு என்கிறார்கள்.

உன் பழைய கோச் நல்லகாமன் சார் அன்றைக்கு நம் வீட்டில்தான் ஆட்டம் பார்த்தார். மாமு கத்தியதற்கு அவர்தான் பதில் சொன்னார். ஏய் சும்மா இருப்பா, அவன்மேல ரெண்டு பேரு அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கிறாய்ங்க பாரு, அப்ப அங்கிட்டு ஒருத்தன் சும்மா நிப்பான்ல, அவனைப் பார்த்துக் குடுக்கிறான், இம்புட்டுப் பேரு எடுத்தவன் எவன் இப்பிடிக் குடுப்பான் என்றார். அதைக் கேட்டதிலிருந்து அத்தாவைப் பிடிக்க முடியவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் காலளவு கேட்பதற்கு முன் உன் கதையைச் சொல்கிறார். நீ ஆடுகிற டீமின் கம்பெனி இந்த வருஷம் உன்னை நிரந்தர வேலைக்கு எடுத்துக்கொள்ளப் போகிறது, மெடிக்கல் டெஸ்ட் ஒன்றுதான் பாக்கி, அடுத்த டோர்னமெண்ட் முடிந்ததும் ஆர்டர் வந்துவிடும் என்று செல்லூரில் இருக்கும் பெரியத்தா வீடு வரைக்கும் சொல்லியாயிற்று. அவர் அப்படிச் சந்தோஷமாக இருந்து நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகிறது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், நீ பந்தைக் கொடுத்துக்கொண்டே இருந்ததில் ஆட்டம் முடிந்த நிமிஷத்திலிருந்து எனக்குச் சந்தேகம்.

ஏனென்றால் என் பிள்ளையை எனக்குத் தெரியும். நீ நல்லவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஆளே இல்லாமல் வளையம் திறந்து கிடக்கும்போதும் எகிறாமல் பந்தை அடுத்தவனுக்குக் கொடுக்கிற அளவுக்கு நீ வள்ளல் கிடையாது. சின்னதில் ஒரு சமோசாவை முபீனாவுக்குப் பாதி கொடுக்க உனக்கு எவ்வளவு நேரமாகும் என்று பார்த்தவள் நான். முபீனாவை விட்டு அந்தக் கடைசிப் பகுதியை மெதுவாக ஓட்டச் சொல்லித் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இடது காலை ஊன்றி எகிறப் பார்க்கிறாய், முகம் ஒரு மாதிரி கோணுகிறது, உடனே பந்தைக் கொடுத்துவிடுகிறாய். ஆட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் முகத்தைக் கோணுவார்கள் என்று முபீனா சொன்னாள். நானும் அதை நம்பத்தான் பார்த்தேன். வெள்ளிக்கிழமை வீடியோ காலில் வந்தாயே, அப்போது நான் வேறு ஒன்றைப் பார்த்துவிட்டேன். அத்தா உன் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார், நான் உனக்குப் பின்னால் இருக்கும் அறையைப் பார்த்தேன், துணி மடித்திருக்கிறதா, தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறானா என்று பார்ப்பது என் வழக்கம்தானே. சுவரைப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. அதன் முன்னால் தொழுகைப் பாய் விரித்திருந்தது. பரீத், நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியாதா? மூட்டு தேய்ந்துபோன உன் பெரியத்தா அப்படித் தொழுகிறார், அவருக்கு எழுபது ஆகப் போகிறது. மண்டியிட்டுத் தரையில் நெற்றியை வைக்க முடியாத அளவுக்கு இந்த வயதில் உனக்கு என்ன வந்தது? அன்றைக்கு நீ ஃபோனை வைத்த பிறகு நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். வெங்காயம் உரித்தேன் என்று அத்தாவிடம் சொல்லிவிட்டேன்.

இதற்கு நடுவில் கோச்சடையிலிருந்து கிருஷ்ணபிரசாத்தின் அம்மா சாவித்ரி டீச்சர் வந்தார்கள், கையில் பெரிய ஸ்வீட் டப்பாவோடு. தன் பிள்ளை பெயர் பேப்பரில் வந்த சந்தோஷம், பாவம், அவர்களுக்கும் ஒரே மகன்தானே. பரீத்தம்மா, ஒங்க மகன் குடுக்காட்டி எங்க பிரசாத் பேரு எங்கே வரும், அவன் சாகுற வரைக்கும் மறக்கக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை, உன் பிள்ளை காலுக்கு ஒன்றுமில்லையே தாயே என்றுதான் மனசில் ஓடியது. டீ போட்டுக் கொடுத்துவிட்டு, பரீத்துக்குக் கால் எப்படி இருக்கிறதாம் என்று எல்லாம் தெரிந்தவள் மாதிரி கேட்டேன். அவர்கள் ஏமாந்துவிட்டார்கள். தெனமும் ஐஸ் வைக்கிறானாம், பிரசாத்துதான் வாங்கிட்டு வாரான், ஒங்களுக்கும் சொல்லிட்டானா, அப்பாடா, எங்கிட்ட யாருக்கும் மூச்சு விடக் கூடாதுன்னான் என்றார்கள். பிறகு மிச்சத்தையும் வாங்கிவிட்டேன். ஃபைனலில் ஆடாமல் வெளியே உட்கார்ந்துகொள் என்று பிரசாத் கெஞ்சினானாம். நீதான் கேட்கவில்லையாம். எனக்கு முடியலைன்னு எதிர் டீமுக்குத் தெரியாதுல்ல, நான் நின்னாப் போதும், ரெண்டு பேரு எங்கிட்ட வந்துருவாய்ங்க, நீ போடு என்று சொன்னாயாமே. அப்படியானால் நல்லகாமன் சார் சொன்னதும் பொய்யில்லை. பந்தைக் கொடுத்தாய் என்று ஊர் கொண்டாடுகிறது, நீ முழங்காலைக் கொடுத்திருக்கிறாய். டீச்சரைக் கோபித்துக்கொள்ளாதே, பிரசாத்தையும் ஒன்றும் சொல்லாதே, நான்தான் தந்திரம் பண்ணினேன்.

உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று உனக்குத் தெரியாது. பெருமையும் இருக்கிறது, மறைக்க மாட்டேன், ஆனால் பெருமையை வைத்துக்கொண்டு தூங்க முடியவில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரிகிறது. இப்போது கால் வலி என்று வாயைத் திறந்தால் வேலை கைநழுவிவிடும், அடுத்த டோர்னமெண்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடிவிட்டால் ஆர்டர் வந்துவிடும், பிறகு வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதானே? அந்தப் பிறகு எப்போது வரும்? இந்த ஒரு ஆட்டம், இந்த ஒரு ஆட்டம் என்று ஆடி, வேலை கிடைக்கிற அன்றைக்கு நீ மாடிப்படி ஏற முடியாமல் நின்றால் அந்த ஆர்டரை எந்தக் காலில் கட்டுவது? ஆடாதே என்று எழுதவும் கை வரவில்லை, உன் உழைப்பை நான் பார்த்திருக்கிறேன், அத்தா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். இரண்டு பக்கமும் நினைத்து நினைத்து எனக்குத் தலை வெடிக்கிறது. ஒன்று மட்டும் செய். டீம் டாக்டரிடம் இன்றைக்கே காட்டு. ஸ்கேன் எடுக்கச் சொன்னால் எடு. எண்ணெய் தேய்த்து நீவிவிடுகிறேன் என்று எவனாவது வந்தால் காலைக் கொடுக்காதே. குளிர் நாளில் வெறுங்காலோடு தரையில் நடக்காதே. ஐந்து பேருக்குப் பந்தைப் பங்கு வைக்கத் தெரிந்த பிள்ளைக்கு, வலியைப் பெற்றவளிடம் சொல்ல மட்டும் தெரியாமல் போய்விட்டதே.

இதுவரைக்கும் எழுதிவிட்டு, அத்தா அஸர் தொழுதுவிட்டு வருவதற்குள் உனக்கு அனுப்புகிற பார்சலில் இதை மறைத்து வைத்துவிடலாம் என்று போனேன். தம்ரூட் இனிப்பு, ஊறுகாய், சுக்குத்தூள் எல்லாம் நான் எடுத்து வைத்தது, கட்டியது அத்தா. கயிற்றை அவிழ்த்துப் பார்த்தால் தம்ரூட் டப்பாவுக்கு அடியில் நான் வைக்காத ஒரு பொட்டலம். பிரித்தேன். முட்டிக்குப் போடுகிற நீ-கேப், இடது காலுக்கு ஒன்று மட்டும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தா வந்தார், என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கடைக்கு வாரவுக நிக்கிறதைப் பார்த்தே எந்தக் கால்ல நோவுன்னு சொல்லுறவன் நான், கப்பு வாங்கையில எம்புள்ள ஒத்தக் கால்ல பாரத்தைப் போட்டு நின்னான், எனக்குத் தெரியாமப் போகுமா என்றார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று சண்டைக்குப் போனேன். ஒனக்கு பிரஷர் ஏறிரும்னுதேன் சொல்லல, நீ ஏன் சொல்லல என்று என்னைத் திருப்பிக் கேட்டார். ஊரெல்லாம் சொன்னீர்களே, கடையில் அப்படிச் சிரித்தீர்களே என்றேன். நானும் மொகத்தைத் தொங்கப் போட்டா நீ கண்டுபிடிச்சுருவியே என்றார். நீ-கேப்பை என் கையிலிருந்து வாங்கித் திரும்பப் பொட்டலம் கட்டிவிட்டு, வேலை கெடக்கு, டாக்டர் ஆடக் கூடாதுன்னா பையை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வரச் சொல்லி எழுது, கடையில ஒக்கார இடமா இல்லை என்றார். அப்போதுதான் அவர் கண்ணைப் பார்த்தேன், மகனே. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

அல்லாஹ் உனக்குப் பூரண சுகத்தையும் நீண்ட ஆயுளையும் தரட்டும், உன் காலும் கையும் கடைசி வரைக்கும் உனக்கு உதவட்டும், எங்கள் துஆ எப்போதும் உன்னோடு. முபீனா சலாம் சொல்கிறாள், அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. பார்சல் கைக்கு வந்ததும் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு ஃபோன் போட வேண்டும், மறந்துவிடாதே. அவர் என்ன சொன்னாரோ அதைக் குறைக்காமல், பூசி மெழுகாமல் சொல். அத்தா ஸ்பீக்கரைப் போடட்டும், நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்போம்.

உன் சுகத்தைத் தவிர வேறெதுவும் வேண்டாத
அம்மா அமீருன்னிசா, அத்தா பீர் முகமது