இரண்டு கையால் ஊற்றிய அப்பா

அன்புள்ள சுங்வூக் அண்ணாவுக்கு,

அப்பா போங் மாமாவுக்கு இரண்டு கையால் சோஜு சாராயம் ஊற்றினார், என் கண்ணால் பார்த்தேன், ஏன் என்று கண்டுபிடித்தும்விட்டேன், உட்கார்ந்துகொண்டு படி!

நானும் அம்மாவும் நலம். பட்டாள முகாமில் உனக்குத் தொண்டை கட்டியிருந்ததே, சரியாயிற்றா? இந்த ஆன்லைன் கடிதத்தை அச்செடுத்து உன்னிடம் தரப்போகும் அதிகாரி ஐயா, இனிமேல் வருவது குடும்ப விஷயம். படிக்காமல் மடித்துக் கொடுத்துவிடுங்கள்.

போன மாதம் போங் மாமா நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அப்பாவைவிட எட்டு வயது இளையவர். ஒரே டெப்போ, ஒரே தடத்தில் பஸ் ஓட்டுபவர். அப்படிப்பட்டவருக்கு அப்பா இடது கையால் தன் வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு ஊற்றினார்! பெரியவர்களுக்குத்தானே அப்படி ஊற்றுவோம்? ஏதோ டெப்போ மேனேஜருக்கு ஊற்றுவதுபோல. மாமா பதறி முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, என்ன இது, என் ஆயுசு குறையப்போகுது" என்றார். அப்பா சிரிக்கவில்லை. கண்ணைக்கூடச் சரியாகச் சிமிட்டவில்லை.

நான் மூளை வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுபவள் என்று உனக்குத் தெரியும். நம்மை நாமே ஏன் கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாது என்று நான் விளக்கியபோது நீ ஓடிப்போனாயே, அந்தப் பைத்தியம் இன்னும் தெளியவில்லை. பொய் சொல்பவர்களுக்கு முகம் இறுகும், கண் சிமிட்டுவது குறையும் என்று எதிலோ பார்த்திருந்தேன். உடனே முடிவு கட்டிவிட்டேன். அப்பா பஸ்ஸை எங்கேயோ இடித்திருக்கிறார், மாமா அதைப் பார்த்திருக்கிறார், இப்போது மிரட்டுகிறார்! அப்பா போனை எடுத்துப் பார்த்தேன். சட்டைப் பையைத் துழாவினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததே சந்தேகமாக இருந்தது. "எங்கப்பாவை மிரட்டுறீங்களா?" என்று மாமாவுக்கே மெசேஜ் அனுப்பிவிட்டேன்.

திட்டாதே, கேள். மாமா உடனே கூப்பிட்டார். "நானா? அடிப்பாவி! எதிர் பஸ் வந்தா டிரைவருங்க கை தூக்கிக்குவோம்ல? உங்கப்பா என்னைப் பாத்துக் கை தூக்கி மூணு மாசமாச்சு. சும்மா தலையை ஆட்டிட்டுப் போறாரு. நான் என்ன தப்பு பண்ணேன்னு நானே முழிச்சிட்டிருக்கேன், நீ வேற!" என்றார்.

இருபத்தெட்டு வருஷமாக எதிர் பஸ்ஸுக்குக் கை தூக்காமல் போகாத மனிதர் அண்ணா நம் அப்பா. பக்கத்தில் உட்கார்ந்து குடிப்பவருக்கு அத்தனை மரியாதை, எதிரே பஸ்ஸில் வந்தால் அவருக்கே கை தூக்க மாட்டாராம். எனக்குத் தலை சுற்றியது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு அப்பாவின் பஸ்ஸில் ஏறினேன். தெரியாதென்று நினைத்தேன். ஏறும்போதே, "சேரோம், காலேஜ் இந்தப் பக்கமா இருக்கு?" என்றார். அவருக்குப் பின்னால் வலப்பக்க சீட்டில் உட்கார்ந்தேன். சிக்னலில் பஸ் நின்றது. அப்பாவின் வலது கை ஸ்டியரிங்கிலிருந்து இறங்கித் தொடையில் படுத்தது. படுத்ததும் ஆட ஆரம்பித்தது. கட்டைவிரல் ஆள்காட்டி விரலோடு உரசி உரசி, சோற்றை உருட்டுவதுபோல. சட்டென்று அதைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

அப்போது எதிரே ஒரு பஸ் வந்தது. அந்த டிரைவர் கை தூக்கினார். அப்பா தூக்கவில்லை. யோசித்துப் பார். நம் ஊரில் டிரைவர் சீட் இடப்பக்கம், எதிர் பஸ்ஸுக்குத் தூக்குவது ஜன்னலோரம் இருக்கும் இடது கை. இடது கையைத் தூக்கினால் ஸ்டியரிங்கில் மிஞ்சுவது வலது கை மட்டும். அந்தக் கையை அப்பா நம்பவில்லை. சோஜு ஊற்றும்போது தாங்கிப் பிடித்ததும் அதே கையைத்தான்.

மரியாதையும் இல்லை, பொய்யும் இல்லை. யார் பார்த்தாலும் மரியாதை என்றுதானே நினைப்பார்கள்? நடுக்கத்தை அதற்குள் ஒளித்துக்கொண்டார்.

நீட்டிப் பிடித்த கை எல்லோருக்கும் கொஞ்சம் நடுங்கும், உன் விரல்மேல் ஒரு தாளை வைத்தால் தெரியும். ஆனால் சும்மா கிடக்கும் கை ஆடுவது வேறு. முகம் அசையாமலிருப்பதும் அதோடு சேர்ந்ததாக இருக்கலாம் என்று படித்தேன். நான் டாக்டர் இல்லை, பேர் வைக்க மாட்டேன். நூறு காரணம் இருக்கலாம், மருந்தில் அடங்குவதாகவும் இருக்கலாம். முகாமுக்கு அப்பா உனக்குக் கையால் எழுதிய கடிதம் வைத்திருக்கிறாயா? எடுத்துப் பார். போகப்போக எழுத்து சிறுத்துக்கொண்டே போகிறதா? அதுவும் ஒரு அடையாளமாம்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியபின் கேட்டுவிட்டேன். அப்பா வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். "பிரேக் காலுல இருக்கு, கையில இல்ல. போடி இன்டர்நெட் டாக்டரம்மா" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "டெப்போவுல தெரிஞ்சா அன்னிக்கே சாவியை வாங்கிருவாங்க. உங்கண்ணன் பட்டாளத்தை முடிச்சிட்டு வரட்டும்" என்றார். பதினெட்டு மாதம் அண்ணா! அம்மாவிடமும் உன்னிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினார். நானும் செய்துவிட்டேன். அதற்குள் திரும்பும் டிரிப்புக்கு ஒரு பள்ளிக்கூடமே பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தது, பிடித்து நிற்க இடமில்லாமல். அப்பா ஒவ்வொரு பிள்ளையிடமும் "உள்ளே போ, கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றார்.

நான் சொன்னால் வீடியோ பேச்சு. நீ சொன்னால் மகன் பேச்சு. எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் உண்மை அதுதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போன் தருவார்களே, அப்போது முதலில் அப்பாவைக் கூப்பிடு. நலம் விசாரிப்பதிலேயே நேரத்தை ஓட்டிவிடுவார், விடாதே. டாக்டர் பார்க்கிறவரைக்கும் லீவு போடச் சொல். தங்கச்சி காட்டிக்கொடுத்துவிட்டாள் என்றே சொல், என்னோடு பேசாமல் இருந்தால் இருக்கட்டும்.

பேசி முடித்ததும், அந்த ஒரு மணி தீருவதற்குள், அப்பா என்ன சொன்னார் என்று எனக்கு ஒரே ஒரு வரி அனுப்பு அண்ணா.

போன் கையிலேயே வைத்திருப்பேன்,
உன் தங்கை,
சேரோம்