பெல்ட் முக்காலியில் உட்கார்ந்தவர்கள்

மாமா,

உங்கள் முக்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஜன்னல் வெயில் கொஞ்ச நேரம் அதன் மேல் விழுந்தால் போதும், அந்தப் பழைய ரப்பர் வாசனை கிளம்பிவிடுகிறது. சுரங்கத்தில் கரி ஏற்றிப்போகும் கன்வேயர் பெல்ட் கிழிந்து, ஒதுக்கிப்போட்ட துண்டு அது. கேட்டில் முறையாகப் பாஸ் வாங்கிக் கொண்டுவந்து, மூன்று இரும்புக் கால்களின் மேல் நீங்களே இறுக்கியது. ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. உட்காருகிற எனக்குத்தான் முட்டி போய்விட்டது.

எதிரே கட்டிலில் சேகர் அண்ணன் படுத்திருக்கிறான். பயப்படாதீர்கள், கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கட்டின் மேல் கை வைக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவனுக்கு அங்கேதான் அரிக்கிறது. அண்ணி கடைக்குப் போயிருக்கிறாள், இரண்டு மணிக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள். அதுவரை காவல் நான்.

நீங்களும் நாங்களும் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ். நீங்கள் நெல்லிக்குப்பத்திலிருந்து வந்தவர், நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம். சுரங்க நகரியத்தில் அப்போது எல்லாருமே வேறெங்கிருந்தோ வந்தவர்கள்தான். வீடுகளும் ஒரே அச்சு. ஒரே பச்சைக் கதவு, ஒரே மஞ்சள் சுவர். அந்த ஒரே அச்சால்தான் எங்கள் வீட்டு ரகசியம் உங்களுக்குத் தெரிந்தது.

சேகர் எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறிவிட்டு ஒரு காண்ட்ராக்ட்காரரிடம் லாரி கிளீனராகச் சேர்ந்திருந்தான். உடம்பு வலிக்கு நல்லது என்று ஒரு டிரைவர் கடுகளவு அபின் கொடுத்திருக்கிறார். ஒரு வருஷத்தில் அந்தக் கடுகு சுண்டைக்காய் ஆகிவிட்டது. முதலில் பித்தளைக் குடம் காணாமல் போனது, அப்புறம் என் தோடு. அம்மா யாரையும் வீட்டுக்குள் விடுவதில்லை. வெளி ஜனங்கள் கண்ணில் படக்கூடாது என்று அப்பா கேட்டுக் கேட்டு நைட் ஷிப்ட் வாங்கிக்கொண்டார். பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஆபீஸுக்குத் தெரிந்தால் குவார்ட்டர்ஸ் போய்விடும் என்று அவருக்குப் பயம், என் கல்யாணம் நின்றுபோகும் என்று அம்மாவுக்குப் பயம். எனக்குப் பயமெல்லாம் இல்லை. அவன் தொலைந்தால் தேவலை என்றிருந்தது. பதினாறு வயசு, அப்படித்தான் நினைத்தேன்.

ஒருநாள் அரை மயக்கத்தில் வந்தவன் எங்கள் வீடென்று நினைத்து உங்கள் வீட்டுக் கூடத்தில் போய் நீட்டிப் படுத்துவிட்டான். அம்மா பின்னாலேயே ஓடி, "ஜுரங்க, அதான் தள்ளாடறான்" என்றாள். நீங்கள் அவன் இமையைத் தூக்கிப் பார்த்தீர்கள்.

"இது ஜுரம் இல்ல தங்கச்சி. லாரிக்காரனுங்க கண்ணு எனக்குத் தெரியும். எத்தினி நாளா ஒளிச்சிகினு இருக்கீங்க?"

அம்மா உங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுகையோடு, எனக்கும் அப்பாவுக்கும் தெரியாத ஒன்றையும் சொன்னாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிப்பதைப் பார்க்க முடியாமல், இரண்டு மாசமாக அவளே அந்த டிரைவரிடம் வாங்கி வெற்றிலை மடிப்பில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். நானே பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்த நிமிஷம் நான் அம்மாவை வெறுத்தேன், மாமா. நீங்கள் வெறுக்கவில்லை.

"ஒரே ஆளு மூணு ஷிப்டும் பாத்தா கை தப்பத்தாம்மா செய்யும். மெஷினு மேல தப்பில்ல, ஆளு மேலயும் தப்பில்ல. ரிலீவர் போடாதவன் மேலதான் தப்பு."

நீங்கள் சொன்னதற்காக அப்பா அவனை டாக்டரிடம் அழைத்துப் போனார். மருந்து எழுதிக்கொடுத்து, பத்து நாளைக்காவது பக்கத்திலேயே ஆள் இருக்கவேண்டும், தனியாக விடவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அன்று சாயங்காலமே முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் கட்டிலருகே போட்டீர்கள். அப்பாவை உங்களுக்கு எதிர் ஷிப்டுக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னீர்கள். அப்பா, நீங்கள், அம்மா, உங்கள் வீட்டு மாமி, நான் என்று ஐந்து பேருக்கும் நேரம் பிரித்தீர்கள். நீங்கள் வேலை பார்த்த கன்வேயரில் மாற்று ஆள், அதாவது ரிலீவர், வராமல் ஆபரேட்டர் சீட்டை விட்டு எழுந்திருக்கக்கூடாது. அதே சட்டம்தான் இங்கேயும். தொழுகை நேரம் வந்தால் நீங்களே எங்கள் சமையலறைப் பக்கம் திரும்பி, "தங்கச்சி, ரிலீவ் பண்ணும்மா" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் போவீர்கள்.

அந்த நாட்களை அழகாக்கிச் சொல்ல என்னால் முடியாது. கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர், காலை உதறி உதறிப் பாய் கிழிந்தது. எங்களை எல்லாம் கெட்ட வார்த்தையால் திட்டினான். அப்பா அதுவரை அவன் முகத்தைப் பார்த்தே மாசக்கணக்காகியிருந்தது. முக்காலியில் உட்கார்ந்தால் பார்க்காமல் இருக்க முடியுமா? இரண்டாம் நாள் நான் போனபோது, அப்பா அவன் காலை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் காட்சியைக் கொடுத்ததற்கே நான் உங்களுக்குக் கடமைப்பட்டவள். சிரிப்பும் இருந்தது. காவல் காக்க வந்த நீங்கள் குறட்டை விட, துடித்துக்கொண்டிருந்தவன், "மாமா, டூட்டி!" என்று உங்களை எழுப்பினானே!

ஐந்தாம் நாள் பகலில் என் முறை. அவன் கண்ணை மூடிப் படுத்திருந்தான், அம்மா அசதியில் அடுப்படியிலேயே தூங்கிவிட்டாள். பார்க்கில் சிநேகிதிகள் எனக்காகக் காத்திருந்தார்கள். சுரங்கத்தின் இரண்டு மணிச் சங்கு ஊதியது. காலை ஷிப்ட் முடிந்தது, இதோ நீங்கள் சைக்கிளில் வந்துவிடுவீர்கள் என்று நான் எழுந்து போய்விட்டேன். நீங்கள் வரக் கால் மணி நேரம் ஆனது. வந்து பார்த்தால் முக்காலியும் காலி, கட்டிலும் காலி.

கரி படிந்த காக்கியோடு, ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்காமல் சைக்கிளைத் திருப்பினீர்கள். காடாம்புலியூர் ரோட்டில் முந்திரித் தோப்பு ஓரமாக லாரிகள் நிற்கிற டீக்கடை உங்களுக்குத் தெரியும். நான் வாசலில் நின்று அழுதேன். இனி அவன் திரும்பினால் பழைய ஆளாகத்தான் திரும்புவான், அம்மா மறுபடி வெற்றிலை மடிப்பாள், எல்லாம் என்னால்தான். தொலைந்தால் தேவலை என்று நினைத்தவள் நான்தான். அன்றைக்கு அவன் தொலையக்கூடாது என்று எல்லாச் சாமியையும் கும்பிட்டேன்.

வெயில் தாழும் நேரத்தில் கேரியரில் அவனை உட்கார வைத்துக்கொண்டு வந்தீர்கள். டிரைவர் அபினோடு வருவதற்கு முன்னால் நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். செய்தி கேட்டுப் பாதி ஷிப்டில் பர்மிஷன் போட்டு வந்திருந்த அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார், நீங்கள் நடுவில் வந்து நின்றீர்கள்.

"வுடுங்கண்ணே, கொழந்த சங்கு ஊதுனா எறங்கலாம்னு நெனச்சிகிச்சு." அப்புறம் என்னைப் பார்த்து, "சங்கு ஊதுனா டைம் முடிஞ்சுதுன்னுதான் பாப்பா அர்த்தம். ஆளு வந்து ஒக்காந்தாதான் டூட்டி முடியும்" என்றீர்கள்.

அதோடு விட்டிருந்தால் நான் மறந்துகூடப் போயிருப்பேன். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி என்னையே உட்கார வைத்தீர்களே, அதைத்தான் மறக்க முடியவில்லை. அன்று சங்கு ஊதியது, அவன் ஒரு கண்ணைத் திறந்து, "போகலியா?" என்றான். "ஆளு வரலடா" என்றேன். நான் அவனோடு பல மாசம் கழித்துப் பேசிய முதல் பேச்சு அது.

பத்து நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. பிறகும் இரண்டு முறை சறுக்கினான். இரண்டு முறையும் ஒரு வார்த்தை கேட்காமல் முக்காலியைக் கொண்டுவந்து போட்டீர்கள். மூன்றாவது முறை அது உங்கள் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. "இங்கியே கெடக்கட்டும், தூக்கித் தூக்கி எனக்குத்தான் இடுப்பு நோவுது" என்றீர்கள். அதற்கப்புறம் அவனுக்காக அதற்கு வேலை வரவில்லை. சில வருஷம் கழித்து அவனும் கன்வேயரிலேயே பெர்மனென்ட் ஆனான்.

நீங்கள் ரிடையராகி நெல்லிக்குப்பம் வீட்டில் படுத்தபோது அவன் லீவு போட்டுவிட்டு வந்து உங்கள் அருகில் உட்கார்ந்திருந்தான். நானும் உங்களைப் பார்க்க வந்திருந்த அன்று, மதியம் சர்க்கரை ஆலைச் சங்கு ஊதியது. உங்களுக்குப் பாதி நினைவுதான். "சங்கு ஊதிடுச்சு... வூட்டுக்குப் போ சேகரு" என்றீர்கள். "ரிலீவர் வரல மாமா" என்றான். நீங்கள் சிரித்தீர்கள். அதுதான் நான் பார்த்த உங்கள் கடைசிச் சிரிப்பு.

என்னிடம் உங்கள் போட்டோ ஒன்றுகூட இல்லை. ஆனால் அம்மா படுக்கையில் கிடந்தபோதும் சரி, அப்பா கிடந்தபோதும் சரி, மாற்று ஆள் வராமல் நான் எழுந்தது கிடையாது. என் அம்மாவை நான் மன்னித்ததும் அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மதியத்தில்தான்.

மணி இரண்டு அடித்து இருபது நிமிஷமாகிறது. முட்டி விண்விண் என்று தெறிக்கிறது. கண்ணில் கட்டோடு படுத்திருப்பவன், "சங்கு ஊதியாச்சு, போகலியா?" என்று வம்புக்கு இழுக்கிறான். வாசலில் கேட் திறக்கும் சத்தம் கேட்கிறது, அண்ணியாகத்தான் இருக்கும்.

வந்து உட்காரட்டும் மாமா, அப்புறம் எழுந்திருக்கிறேன்.